நின்றால் சூடேறுகிறது, ஓடினால் இறங்குகிறது: ரேடியேட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி (தருமபுரியிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2013-ஆம் ஆண்டு வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக் கார். வேலை நிமித்தமாக வாரம் இருமுறை ஓசூர் சென்று வருகிறேன். இரண்டு மாதங்களாக, கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் வரிசை நீண்டு வண்டி பத்து நிமிடம் நின்றுவிட்டால், முதலில் ஏ.சி. காற்றின் குளிர்ச்சி குறைகிறது; பிறகு வெப்பநிலை முள் நடுக்கோட்டைத் தாண்டி ஏறுகிறது. சிவப்புக் கோட்டை நெருங்கும் வேளையில் ரேடியேட்டர் விசிறி பெரும் இரைச்சலுடன் ஓடத் தொடங்கி, முள்ளைக் கீழே இறக்கிவிட்டு நின்றுவிடுகிறது. வண்டி நகர்ந்துவிட்டால் எந்தத் தொந்தரவும் இல்லை. சேலத்திலிருந்து திரும்பும்போது நான்கு பேருடன் தொப்பூர் கணவாய் ஏறினாலும் முள் அசையாமல் நடுவிலேயே நிற்கிறது.

எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். அவர் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டு, வால்வு இல்லாமலேயே வண்டியை அனுப்பினார். சுங்கச்சாவடிப் பிரச்சினை அப்படியே இருக்கிறது. கூடுதலாக, ஓசூரின் காலைக் குளிரில் முள் மேலே ஏறவே மறுக்கிறது. பெட்ரோலும் முன்பைவிட அதிகமாகச் செலவாகிறது. இப்போது ரேடியேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார். வீட்டு போர்வெல் தண்ணீரைத்தான் அவ்வப்போது ஊற்றி வந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி (காரிமங்கலம்)

வணக்கம் ஐயா. விடையில் பாதியை உங்கள் கேள்வியே சொல்லிவிட்டது. வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும்; விசிறிக்கு வேலை இருக்காது. நிற்கும்போது விசிறியை விட்டால் காற்றுக்கு வேறு வழியில்லை. எனவே நின்றால் மட்டும் சூடேறும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது விசிறியையும் அதன் மின்சுற்றையும்தான். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தாலோ வாட்டர் பம்ப் தேய்ந்திருந்தாலோ, தொப்பூர் ஏற்றத்தில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போகும்போது முள் அதை நிச்சயம் காட்டிக்கொடுத்திருக்கும். அங்கே அது அசையவில்லை என்பதால், ரேடியேட்டருக்குப் பணம் கொடுக்க அவசரப்படாதீர்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது நம் பக்கத்தில் பழைய பழக்கம். அந்த வால்வு பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் திறக்கும்; அதுவரை கூலண்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை, எஞ்சினுக்குள்ளேயே சுற்றவிட்டு விரைவில் சூடேற்றும். அதை எடுத்துவிட்டால் எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று கருதி கணினி கூடுதல் பெட்ரோலைச் செலுத்திக்கொண்டே இருக்கும். உங்கள் ஓசூர்ச் சிக்கலுக்கு இதுவே காரணம். வால்வு பழுதா என்ற ஐயம் இருந்தால், ஒரு பாத்திரத்து நீரில் போட்டுக் கொதிக்க வைத்துப் பாருங்கள். நீர் கொதிநிலையை நெருங்குவதற்குள் அது திறந்தாக வேண்டும்.

மறுமொழி (பர்கூர், ஆட்டோ எலக்ட்ரீஷியன்)

முந்தைய நண்பர் சொன்னதோடு உடன்படுகிறேன். கேள்வியில் உள்ள ஒரு வரியே பழுதின் இடத்தைக் காட்டுகிறது: விசிறி ஓடுகிறது, ஆனால் தாமதமாகவும் இரைச்சலுடனும் ஓடுகிறது. பல சிறிய கார்களில் விசிறிக்கு இரண்டு வேகங்கள் உண்டு. ஏ.சி. போட்டவுடனும், கூலண்ட் ஏறத்தாழ 95 டிகிரியைத் தொடும்போதும் குறைந்த வேகத்தில் ஓடும். அதையும் மீறிச் சூடேறினால்தான் முழு வேகம் பிடிக்கும். இந்த எண்கள் வண்டிக்கு வண்டி சற்று மாறும். உங்கள் வண்டியில் குறைந்த வேகம் செத்துவிட்டது என்றே நினைக்கிறேன். ஏ.சி. குளிர்ச்சி முதலில் குறைவதும் இதையே உறுதி செய்கிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து ஏ.சி. வாயுவைக் குளிர்விக்கும் கண்டென்சருக்கும் அதே விசிறிதான் காற்றை இழுத்துக் கொடுக்கிறது.

வீட்டிலேயே சோதிக்கலாம். எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போடுங்கள். விசிறி சுற்றாவிட்டால் ஃப்யூஸ் பெட்டியில் குறைந்த வேகத்துக்கான ஃப்யூஸையும், மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ரிலேயையும் பாருங்கள். அதே வகை ரிலே ஹாரனுக்கு இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தாலே ரிலே நல்லதா என்பது தெரிந்துவிடும். அவை சரியென்றால், விசிறிக் கூட்டின்மேல் பொருத்தியிருக்கும், மின்னோட்டத்தைக் குறைத்து விசிறியை மெதுவாக ஓடவைக்கும் ரெசிஸ்டரின் இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். நல்ல ரெசிஸ்டர் மிகக் குறைந்த ஓம் அளவைக் காட்டும். எரிந்துபோனது எதையும் காட்டாது. இணைப்பின் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் அதையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் விசிறி தானாகச் சுற்றும். ஆகவே கையை வைக்கும் முன் பேட்டரி முனையைக் கழற்றிவிடுங்கள்.

யாராவது விசிறியைச் சாவியோடு 'டைரக்ட்' செய்து தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். பழுது மறையும், விசிறி ஓயாமல் ஓடி மோட்டாரும் ஒயரும் விரைவில் வீணாகும்.

மறுமொழி (ஊத்தங்கரை)

தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் போர்வெல் நீர் என்றால் ஃப்ளூரைடுதான் நினைவுக்கு வரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆனால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் சுண்ணாம்பாகப் படிவது கால்சியம், மக்னீசிய உப்புகள். வீட்டுப் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு எப்படி ஏறுகிறதோ அப்படித்தான் எஞ்சினுக்குள்ளும் ஏறும். இன்று தொந்தரவு இல்லாவிட்டாலும், பழைய நீரை முழுவதும் வடித்துவிட்டு, கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். ஊற்றிய பிறகு காற்றை வெளியேற்றாவிட்டால் உள்ளே காற்று அடைத்து மறுபடி சூடேறும். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பார்த்துவிடுங்கள். அது அழுத்தத்தைத் தாங்காவிட்டால் கூலண்ட் முன்னதாகவே கொதிக்கும். சூட்டில் மட்டும் மூடியைத் திறக்காதீர்கள். என் முன்கையில் அதற்கான தழும்பு இன்னும் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. ஏ.சி.யைப் போட்டபோது விசிறி சுற்றவில்லை. ஹாரன் ரிலேயை மாற்றிப் போட்டும் பயனில்லை. கிருஷ்ணகிரியில் ஓர் எலக்ட்ரீஷியன் ரெசிஸ்டரைக் கழற்றிக் காட்டினார். உள்கம்பி அறுந்து, இணைப்பும் கருகியிருந்தது. இரண்டையும் மாற்றியதும் ஏ.சி. போட்ட உடனே விசிறி மெதுவாகச் சுற்றுகிறது. வண்டிக் கணினியின் அளவுகளைக் காட்டும் ஓ.பி.டி. கருவியை இணைத்துப் பார்த்தேன், ஏ.சி. இல்லாமல் நின்றபோது 96 டிகிரியில் விசிறி தொடங்கி 91-இல் நின்றது. புதிய தெர்மோஸ்டாட்டையும் போட்டாயிற்று. ஒரே ஓர் ஐயம்: புதிய ரெசிஸ்டரும் சீக்கிரம் எரியுமா?

மறுமொழி (பர்கூர், ஆட்டோ எலக்ட்ரீஷியன்)

எரியக்கூடும். ரெசிஸ்டர் பெரும்பாலும் தானாக எரிவதில்லை. மோட்டாரின் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்து சுற்ற இறுக்கமானால் அது அதிக மின்னோட்டம் இழுக்கும், அந்தச் சூட்டை ரெசிஸ்டர் தாங்காது. எஞ்சின் ஆறிய பிறகு, பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு விசிறியைக் கையால் சுழற்றிப் பாருங்கள். தடையின்றிச் சில சுற்றுகள் ஓடி நின்றால் கவலையில்லை. கரகரவென்று உடனே நின்றாலோ, இறக்கை பக்கவாட்டில் ஆடினாலோ, மோட்டாரை இந்த மாதமே மாற்றிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இன்று காலை சுழற்றிப் பார்த்தேன். அரைச் சுற்றிலேயே நின்றுவிட்டது. சனிக்கிழமை மோட்டாரை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.