‘டிரம் பேட்டில்’: ‘முரசுப்போர்’ வேண்டாம், ‘எதிர்முழவு’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இசைக் கலைச்சொற் பட்டியலில், இரு டிரம் கலைஞர்கள் எதிரெதிரே மாறி மாறி வாசிக்கும் ‘டிரம் பேட்டில்’ என்பதற்கு ‘முரசுப்போர்’ என்று முன்மொழிந்திருக்கிறார்கள். சொல் கம்பீரமாக இருக்கிறது என்பதற்கு மேல் அதற்கு ஆதரவாகச் சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை. முரசு அரசனுக்கும் போர்க்களத்துக்கும் உரியது. அது அறிவிக்குமே தவிர, இன்னொரு முரசுக்கு மறுமொழி சொல்வதில்லை. நாம் பெயரிட வேண்டியதோ அந்த மறுமொழிக்குத்தான்.

இப்பெயரைக் கேட்டதும் ஜாஸ் ரசிகர்களுக்கு நினைவுக்கு வருவது, 1952 செப்டம்பர் 13 அன்று நியூயார்க் கார்னெகி அரங்கில், நார்மன் கிரான்ஸ் நடத்திவந்த ‘ஜாஸ் அட் தி ஃபில்ஹார்மோனிக்’ கச்சேரியில் டிரம் கலைஞர்கள் ஜீன் க்ருபாவும் படி ரிச்சும் எதிரெதிரே வாசித்த பதிவு. டிரம் தொகுதியிலுள்ள டாம்-டாம் என்னும் முழவுகளின் கனத்த ஓசையில் நடையை ஊன்றிக் கேட்பவரைத் தலையாட்ட வைப்பது க்ருபாவின் வழி. அடியில் கம்பிகள் அதிரும் ஸ்னேர் டிரம்மில் இரு குச்சிகளின் அடிகளையும் பிரித்தறிய முடியாத வேகத்தில் உருட்டி எடுப்பது ரிச்சின் வழி. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுக்கிறார், இடையிடையே ரசிகர்களின் கூச்சல் எழுகிறது. 1909இல் பிறந்த க்ருபாவை, அவரைவிட எட்டு வயது இளையவரான ரிச் பெரிதும் மதித்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ‘போர்’ என்ற சொல் விளம்பரத் தாளுக்குப் பொருந்தலாம், அகராதிக்குப் பொருந்தாது.

நம் கிராமங்களில் ஒருவர் பாட மற்றவர் மறுத்துப் பாடுவதை எசப்பாட்டு, எதிர்ப்பாட்டு என்கிறோம். தஞ்சைப் பக்கத்து லாவணி என்னும் வாதப் பாட்டில், மன்மதன் எரிந்தான் என்னும் எரிந்த கட்சியும் எரியவில்லை என்னும் எரியாத கட்சியும் விடிய விடிய மல்லுக்கட்டினாலும் அதை யாரும் போர் என்பதில்லை. இந்த வழியில் ‘எதிர்முழவு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘எதிர்முழக்கம்’ என்றால் ஊர்வலக் கோஷம் நினைவுக்கு வந்துவிடும். கர்நாடகக் கச்சேரியில் தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் ‘தனி ஆவர்த்தனம்’ என்றே சொல்லிவிடலாமே என்பவர்களுக்கு ஒன்று: அங்கே மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்தாலும் கருவிகள் வெவ்வேறு, இங்கே இருவர் கையிலும் ஒரே வகைக் கருவி. நாகசுரக் கச்சேரியில் இரண்டு தவில்கள் மோதுவதே இதற்கு நெருங்கிய உறவு.

அடுத்தது, ‘லைவ் ரெக்கார்டிங்’. பட்டியலில் ‘நேரலைப் பதிவு’ என்றிருப்பது பிழை. நேரலை என்பது நடக்கும்போதே ஒலிபரப்பாவது. மேலே சொன்ன க்ருபா–ரிச் கச்சேரியோ 1960இல்தான் வெர்வ் நிறுவனத்தின் இசைத்தட்டாக வெளிவந்தது. ‘அரங்கப் பதிவு’ என்று சொன்னால், இதே இருவரும் 1955இல் ஸ்டூடியோவில் செய்த ‘கூடப் பதிவி’லிருந்து தெளிவாகப் பிரிக்கலாம். பேச்சில் ‘கச்சேரிப் பதிவு’ ஏற்கெனவே புழங்குகிறது. அதை இணைச்சொல்லாகக் குறிக்கலாம்.

மீதமிருப்பது ‘டிரேடிங் ஃபோர்ஸ்’. கலைஞர்கள் நான்கு நான்கு தாளவட்டமாக மாற்றி மாற்றி வாசிப்பதால் ‘நால்வட்ட மாற்று’ எனலாம் என்று நினைக்கிறேன். எட்டு, நான்கு, இரண்டு என்று சுருக்கிக்கொண்டே போகும்போது மட்டும் தனி ஆவர்த்தனத்தில் வாசிப்பின் அளவைப் படிப்படியாகக் குறைத்து மாறி மாறி வாசிக்கும் நம்முடைய ‘குறைப்பு’ அப்படியே பொருந்தும். அளவு மாறாதபோது பொருந்தாது. லயம் பயின்றவர்கள் இந்த வேறுபாட்டைச் சரிபார்த்துச் சொன்னால் இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாகச் சேர்த்துவிடலாம்.