லென்ஸ் போய்விட்டதா? நாரைப் படங்கள் எல்லாம் கலங்கலாக வருகின்றன (அவசரம்)

கண்மாய்க்கரை | சனி, காலை 11.40
வணக்கம். இன்று காலை சாமநத்தம் கண்மாய்க்குப் போயிருந்தேன். செங்கால் நாரை, கூழைக்கடா எல்லாம் கூட்டமாக இருந்தன. 340 படம் எடுத்தும் ஒன்றுகூடத் தேறவில்லை. கேமரா திரையில் நன்றாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் இறகு பிரியவே இல்லை, தண்ணீருக்குள் கிடப்பதுபோல் இருக்கிறது. போன மாதம் கீழக்குயில்குடி சமணர் மலையடியில் இதே லென்ஸில் எடுத்த பனங்காடை அத்தனை தெளிவு. நடுவில் எதுவுமே மாறவில்லை. கடையில் கேட்டால் லென்ஸைப் பிரித்துப் பார்க்க நாலாயிரம் ஆகும் என்கிறார்கள். கொடுக்கலாமா? நாளை காலை மறுபடி போகிறேன், சீக்கிரம் சொல்லுங்கள்.

மாசிவீதி_மணி | 11.52
என்ன கேமரா, என்ன லென்ஸ், ஷட்டர் எவ்வளவு, எத்தனை மணிக்கு எடுத்தது, பறவை எவ்வளவு தூரம்? ஒரு படத்தையாவது போடுங்கள் சார்.

வைகை_வடகரை | 12.01
முன்னால் யூவி ஃபில்டர் மாட்டியிருப்பீர்கள். முந்நூறு ரூபாய்க் கண்ணாடியை எழுபதாயிரம் ரூபாய் லென்ஸுக்கு முன்னால் வைத்தால் இப்படித்தான். கழற்றி எறியுங்கள்.

ஒத்தக்கடை_ஆந்தை | 12.10
ஃபில்டர் இல்லை, இது ஃப்ரன்ட் ஃபோகஸ், அதாவது பறவைக்கு முன்னாலேயே ஃபோகஸ் விழுகிறது. எனக்கும் இதே கதைதான். வியூஃபைண்டரில் ஒரு படம், லைவ் வியூவில் (பின் திரையைப் பார்த்து) ஒரு படம் எடுத்துப் பாருங்கள். லைவ் வியூவில் மட்டும் தெளிவாக இருந்தால் மெனுவில் ஏஎஃப் ஃபைன் ட்யூன் (ஃபோகஸைத் திருத்தும் வசதி) போய் ப்ளஸ் 6 வையுங்கள்.

மாசிவீதி_மணி | 12.14
உங்கள் ப்ளஸ் 6 அவருக்கு எப்படிப் பொருந்தும்? ஒவ்வொரு பாடிக்கும் ஒவ்வொரு லென்ஸுக்கும் அது வேறு.

பழைய_பிலிம் | 12.31
இந்தக் கேள்வி மாதம் இரண்டு முறை வருகிறது. முன்பே விரிவாக எழுதியிருக்கிறேன், தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. பெரிய லென்ஸ் வாங்கிவிட்டால் படம் வந்துவிடாது தம்பி. 36 ஃபிரேம் பிலிமில் கை நடுங்காமல் எடுத்துப் பழகியவர்களுக்குத் தெரியும். 340 படம் எடுத்தேன் என்று சொல்லும்போதே கோளாறு எங்கே என்று புரிகிறது. ஷட்டர் வேகத்தை ஏற்றுங்கள்.
பி.கு. சாமநத்தத்தில் நீங்கள் பார்த்தது செங்கால் நாரையாக இருக்க வாய்ப்பு குறைவு. மஞ்சள் மூக்கு நாரையாக இருக்கும்.

கண்மாய்க்கரை | மதியம் 1.20
மன்னிக்கவும், சாப்பிடப் போயிருந்தேன். நிக்கான் டி7500, 200-500 மி.மீ. லென்ஸ். 500-இல் எடுத்தது. 1/2000, எஃப் 6.3, ஐஎஸ்ஓ 500. ஃபில்டர் கிடையாது. லென்ஸ் கீழே விழவில்லை. காலை 8 முதல் 9 வரை. தூரம் எழுபது, எண்பது மீட்டர் இருக்கும். லைவ் வியூவிலும் அதேதான். படம் ஏறமாட்டேன் என்கிறது, சிக்னல் இல்லை.
கால் சிவப்பாக இருந்ததே ஐயா?

மாசிவீதி_மணி | 1.27
லைவ் வியூவிலும் அதே என்றால் ஃப்ரன்ட் ஃபோகஸ் கிடையாது. 1/2000-இல் கை நடுக்கமும் இல்லை. கானல்தான், சூட்டில் காற்று நெளிகிறது. மாசி வெயில், நடுவில் தண்ணீர், கரையில் காய்ந்த சேறு.

பழைய_பிலிம் | 1.40
காலை எட்டு மணிக்கு எண்பது மீட்டரில் கானலா? இது என்ன சித்திரையா?
கால் சிவப்பு என்பதால் செங்கால் நாரை ஆகிவிடாது. மஞ்சள் மூக்கு நாரைக்கும் கால் இளஞ்சிவப்புதான். அலகைப் பாருங்கள். செங்கால் நாரைக்கு அலகும் சிவப்பு. அது குளிர்காலத்தில் வலசை வருவது. மற்றது இங்கேயே இருப்பது, கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே கூடு கட்டுவது.

வைகை_வடகரை | 1.52
எங்கள் ஊர்ப்பக்கம் பெரியவர்கள் எல்லாம் இதைச் செங்கால் நாரை என்றுதான் சொல்வார்கள். சத்திமுத்தப் புலவர் பாட்டிலும் அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கைத்தானே உவமை சொல்கிறார்? அவித்த பனங்கிழங்கைப் பிளந்தால் உள்ளே மஞ்சள். ஆக அது இந்த நாரைதான்.

பழைய_பிலிம் | 2.05
பனங்கிழங்கு வடிவத்துக்குச் சொன்னது. நீண்டு, கூராக, நடுவே பிளந்து. நிறத்துக்குப் பவளம் என்று தனியாகச் சொல்லியிருக்கிறாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? பவளம் எந்த ஊரில் மஞ்சள்?

ஒத்தக்கடை_ஆந்தை | 2.11
தென்கோடியில் குமரியில் ஆடிவிட்டு வடக்கே திரும்பும் பறவை என்றும் பாட்டில் வருகிறது. இங்கேயே இருக்கும் பறவை அப்படிப் போகுமா? இந்த விஷயத்தில் பிலிம் ஐயா பக்கம்தான் நான். ஃபோகஸ் விஷயத்தில் இல்லை.

வைகை_வடகரை | 2.20
கூடல் நகரில் குளிரில் நடுங்கிக்கொண்டு பாடியவர் அலகின் நிறத்தை அளந்துகொண்டா இருந்தார்?

தேனூர்_தவிட்டுக்குருவி | 2.48
நாரையை அப்புறம் பார்க்கலாம். கண்மாய்க்கரை, ஒரு சந்தேகம். தொடர்ச்சியாக எடுத்த பத்துப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப் பாருங்கள். பறவை அசையாமல் நிற்பதாக இருக்க வேண்டும். கலங்கல் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா, படத்துக்குப் படம் மாறுகிறதா? அப்புறம், லென்ஸை எதன் மேல் வைத்து எடுத்தீர்கள்?

கண்மாய்க்கரை | மாலை 4.05
மாறுகிறது! ஒன்றில் அலகு நெளிந்திருக்கிறது. அடுத்ததில் அலகு நேராகி, கால் நெளிகிறது.
மச்சானின் காரில் உட்கார்ந்தபடி எடுத்தேன். இறங்கினால் பறந்துவிடுகின்றன. பையன் பின் சீட்டில் தூங்கினான், கொசு வேறு, அதனால் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியை அரையடி மட்டும் இறக்கி, ஒரு துணிப்பையில் கேழ்வரகு நிரப்பி அதன் மேல் லென்ஸை வைத்தேன்.

தேனூர்_தவிட்டுக்குருவி | 4.16
கீழக்குயில்குடிக்கு எதில் போனீர்கள்?

கண்மாய்க்கரை | 4.17
பைக்கில்.

தேனூர்_தவிட்டுக்குருவி | 4.30
அப்போ மாறியது அதுதான். லென்ஸில் கோளாறு இருந்தால் எல்லாப் படமும் ஒரே மாதிரி கெடும். படத்துக்குப் படம் வேறு மாதிரி நெளிகிறது என்றால் நடுவில் இருக்கும் காற்றுதான் காரணம். மணி சொன்ன கானலேதான், ஆனால் கண்மாயில் இல்லை, உங்கள் ஜன்னலில். குளிர்ந்த காற்றும் சூடான காற்றும் ஒளியை வேறு வேறு அளவில் வளைக்கும். அந்த அரையடி இடைவெளியில் உள்ளே இருக்கும் ஏசிக் காற்று வெளியே வழிகிறது, வெளிக்காற்று உள்ளே வருகிறது. இரண்டும் லென்ஸின் மூக்குக்கு முன்னாலேயே கலக்கின்றன. சூடான தோசைக்கல்லுக்கு மேலாகப் பார்த்தால் எதிரே நிற்பவர் முகம் நெளியுமே, அதேதான். 500-இல் அந்த நெளிவும் சேர்ந்து பெரிதாகிறது. கேமராவின் சின்னத் திரையில் அது தெரியாது.
நாளை என்ஜின், ஏசி இரண்டையும் நிறுத்துங்கள். நான்கு கண்ணாடியையும் முழுக்க இறக்கி, பதினைந்து நிமிடம் சும்மா இருங்கள். உள்ளும் வெளியும் ஒரே சூட்டுக்கு வரட்டும். லென்ஸுக்கு முன்னால் மாட்டும் ஹூடைக் கழற்றியும் சில படம் எடுத்துப் பாருங்கள், அதற்குள்ளும் காற்று தங்கும். பானெட்டுக்கு மேலாக எடுக்கவே வேண்டாம். கேழ்வரகுப் பை நல்ல யோசனை.

பழைய_பிலிம் | 4.41
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். கேள்வியில் கார் என்றே எழுதவில்லை.

மாசிவீதி_மணி | 4.44
ஷட்டர் வேகத்தை ஏற்றச் சொன்னீர்கள் ஐயா.

வைகை_வடகரை | 5.10
காரே வேண்டாம் என்றால் அரிட்டாபட்டிக்குப் போங்கள். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம். குன்று, கண்மாய், குடைவரைக் கோயில் எல்லாம் நடந்தே பார்க்கலாம். லகர் வல்லூறு கிடைக்கும். கூடு எந்தப் பாறையில் என்று யாராவது சொன்னால் இவருக்கு வசதியாக இருக்கும்.

ஒத்தக்கடை_ஆந்தை | 5.14
கூடு இருக்கும் இடத்தைப் பொதுவில் கேட்காதீர்கள், தெரிந்தவர்களும் எழுதாதீர்கள். நாலு பேர் லென்ஸோடு பாறை ஏறினால் தாய்ப்பறவை முட்டையை விட்டுவிட்டுப் போய்விடும்.

வைகை_வடகரை | 5.20
சரி, கேட்கவில்லை. ஆனால் பனங்கிழங்கு மஞ்சள்தான்.

கண்மாய்க்கரை | ஞாயிறு, காலை 10.55
சரியாகிவிட்டது. ஏசி இல்லாமல் பையன் எழுந்துவிட்டான், கொசுக்கடி வேறு. ஆனால் இறகு ஒவ்வொன்றாகத் தெரிகிறது. ஒன்பதரைக்கு மேல் மறுபடி நெளிய ஆரம்பித்தது, அது உண்மையான கானல் போல, கிளம்பிவிட்டோம். நாலாயிரம் மிச்சம். தவிட்டுக்குருவிக்கும் மணி சாருக்கும் நன்றி. அலகு மஞ்சள்தான், நானே பார்த்தேன்.

வைகை_வடகரை | 11.02
அதைத்தானே நானும் சொன்னேன்!

பழைய_பிலிம் | 11.09
நீங்கள் சொன்னது அதற்கு நேர்மாறு. அலகு மஞ்சள் என்றால் அது மஞ்சள் மூக்கு நாரை, பாட்டில் வருவது இல்லை. கண்மாய்க்கரை, இன்று ஷட்டர் எவ்வளவு வைத்தீர்கள்?

பழைய_பிலிம் | திங்கள், இரவு 9.30
கண்மாய்க்கரை?