குழந்தைகளோடு பூச்சித் தோட்டம் போட்டவர்கள், மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம், கடலூர்

எங்கள் தெருவில் 8 குழந்தைகள், ஞாயிறு காலை, வீட்டுக்காரத் தாத்தாவின் கொல்லையில் பூச்சிகள் வந்து வாழ ஒரு மூலை. தொடங்கிய கதை எல்லோருக்கும் ஒன்றுதான். நான் சொல்ல வந்தது ஒரு வியாழக்கிழமை மாலையைப் பற்றி.

கறிவேப்பிலைக் கன்றில் எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் 11 இருந்தன. சின்னவை காக்கை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக, பெரியவை இலையோடு இலையாகப் பச்சை. ஈர்க்குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல் ஒரு ஆரஞ்சுக் கொம்பை நீட்டும், நெடி மூக்கில் ஏறும். 7 வயதுப் பெண் ஒருத்தி பள்ளி விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் அவற்றை எண்ணுவாள். அன்று அவள் வந்தபோது இலைகளிலிருந்து மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தாத்தா தெளிப்பானோடு நின்றார். "செடி முழுக்கப் புழு விழுந்துவிட்டது பாப்பா, நல்ல வேளை பார்த்தேன்" என்றார். உதவி செய்த நிறைவு அவர் முகத்தில்.

அவள் அழவில்லை. கீழே சுருண்டு கிடந்தவற்றைத் தீப்பெட்டியில் பொறுக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "அக்கா, தாத்தாவிடம் நாம் சொல்லவே இல்லையே." ஆறு மாதமாகிறது. 8 குழந்தைகளுக்கும் பாடம் நடத்திய நான், இடம் கொடுத்த மனிதரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

லாஸ்பேட்டை, புதுச்சேரி

என் தவறு இதைவிடப் பெரியது. "புழுவைக் கண்டு பயப்படாதீர்கள், கையில் விட்டுப் பாருங்கள்" என்று முதல் வாரமே சொன்னேன். மழைக்காலம். பக்கத்து வீட்டு முருங்கையின் அடிமரத்தில் கம்பளிப்பூச்சிகள் கைப்பிடி கைப்பிடியாக அப்பிக் கிடந்தன. நான் சொன்னதை நம்பி ஒரு பையன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துவிட்டான். இரவு அவனுடைய அப்பா அவனை அழைத்து வந்து, ஒன்றும் பேசாமல் அந்தக் கையை விளக்கு வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார். தடித்துச் சிவந்து, விரல்களை மடக்க முடியவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். மறுவாரம் பாதிப் பேர் வரவில்லை. மழமழவென்ற புழு, முடியுள்ள புழு என்ற ஒரு வேறுபாட்டை நான் சொல்லியிருக்க வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

முதலில் எழுதிய சகோதரி தாத்தாவை இவ்வளவு எளிதாக விட்டிருக்கக் கூடாது. குழந்தைகள் வளர்க்கும் செடி என்று தெரிந்தும் கேட்காமல் மருந்து அடிப்பதை உதவி என்று சொல்லாதீர்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் எங்கள் தெருவின் இரண்டு வேம்பும் விழுந்தன. மறுநாள் காலை கிளைக்குள் அணில் கூடு ஒன்றைப் பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள், காலி. அதற்குப் பிறகுதான் தோட்டம்.

புதிதாகத் தொடங்குவோர் கவனிக்க: பூச்செடி மட்டும் வைத்தால் வண்ணத்துப்பூச்சி வந்து தேன் குடித்துவிட்டுப் போய்விடும். முட்டையிட அதற்கு உரிய செடி வேண்டும். எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை எலுமிச்சை அழகிக்கு. எருக்கு வெந்தய வரியனுக்கு. இட்லிப்பூ தேனுக்கு. உண்ணிச்செடி வேண்டாம், அது வெளிநாட்டிலிருந்து வந்து நம் காடுகளை அடைத்துக்கொண்ட செடி. விலைக்கு வாங்கும் கன்றில் முன்பே மருந்து அடித்திருக்கலாம். கறிவேப்பிலைக்கு அடியில் தானே முளைக்கும் பக்கக் கன்றே போதும். பறவைகளுக்கு வைக்கும் தண்ணீரை வாரம் இருமுறை கொட்டி, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசுவின் முட்டை நீர்மட்டத்தை ஒட்டிய பக்கத்தில்தான் ஒட்டியிருக்கும். வெறுமனே கொட்டினால் போகாது. ஐப்பசி மழைக்கு முன் குழி எடுத்து வையுங்கள். சித்திரையில் நட்டுவிட்டுத் தண்ணீருக்கு அலையாதீர்கள்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

மேலே எழுதிய ஐயா எருக்கை நடச் சொல்லிவிட்டு அதன் பாலைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிறு குழந்தைகள் உள்ள இடத்தில் எருக்கை வேலி ஓரத்தில் வையுங்கள், இலையைப் பெரியவர்கள் மட்டும் தொடட்டும். தாத்தா விஷயத்திலும் நான் சகோதரியின் பக்கம்தான். அறுபது ஆண்டாகப் பூச்சி என்றால் பயிருக்குப் பகை என்று பழகியவர் அவர்.

எங்கள் பிள்ளைகள் நட்டது வில்வம். புதுச்சேரியின் மாநில மரம் என்பதால் அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். எலுமிச்சை அழகி அதிலும் முட்டையிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. பிரதோஷத்தன்று எதிர்வீட்டுப் பாட்டி தட்டோடு வில்வம் பறிக்க வந்தார். "பாட்டி, அந்தக் கொத்தில் குட்டி இருக்கிறது" என்று ஒரு பையன் குறுக்கே கையை நீட்டினான். பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். எச்சம் என்று நினைத்தது அசைந்தது. வெகு நேரம் பார்த்தார். பிறகு பக்கத்துக் கொத்தில் மூன்றே மூன்று இலைகளைக் கிள்ளிக்கொண்டு, "இது தின்று முடிக்க எத்தனை நாளாகும்?" என்று அவனிடம் கேட்டார்.

மஞ்சக்குப்பம், கடலூர்

பாட்டி கேட்டதைப் படித்துவிட்டு இன்று மாலை அந்தப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு தாத்தாவிடம் போனேன். தீப்பெட்டியை அவள் இன்னும் வைத்திருக்கிறாள். தாத்தா அதைத் திறந்து பார்த்துவிட்டு, தெளிப்பான் இருக்கும் இடத்தை அவளுக்குக் காட்டி, "இனிமேல் இதை எடுப்பதற்கு முன் உன்னைக் கேட்கிறேன்" என்றார். கறிவேப்பிலை மீண்டும் துளிர்த்திருக்கிறது. முட்டை இன்னும் இல்லை.