ஏப்ரல் கடைசியில் தேவனாம்பட்டினம் பீச்சுக்கு 14 பேர்: என்ன எடுத்துட்டு வரணும், எதெல்லாம் செய்யக் கூடாது?

விருதைக்காரன்:

பள்ளிக்கூட லீவு விட்டதும் விருத்தாசலத்திலிருந்து வேன் பிடிச்சு கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு வர்றோம். மொத்தம் 14 பேர். நாலு வயசுல இருந்து பதினொன்னு வரைக்கும் பிள்ளைங்க அஞ்சு பேர், முட்டிவலியோட 76 வயசு பாட்டி ஒருத்தர். காலை 6 மணிக்கு வந்து 11 மணிக்குக் கிளம்பற மாதிரி திட்டம். யாருக்கும் நீச்சல் தெரியாது. சாப்பாடு வீட்லேருந்தே எடுத்துட்டு வர்றோம். அது மீனவங்க வேலை செய்ற இடம்னும் தெரியும், அவங்களுக்கு இடைஞ்சல் இல்லாம போயிட்டு வரணும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

கெடிலக்கரை:

நீச்சல் தெரியாதுன்னு சொல்லிட்டீங்க, அதனால தண்ணியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இந்தக் கரை சரிவு. மெரினா மாதிரி அகலமா இருக்கேன்னு நினைச்சு இறங்கினா நாலடி தள்ளி முழங்கால் தண்ணி இடுப்புக்கு வந்துடும். அலை திரும்பும்போது காலுக்கு அடியில இருக்கிற மணலையும் சேர்த்து உருவிட்டுப் போகும். ஆள் விழறது அலை அடிக்கும்போது இல்லை, அது திரும்பும்போது. பிள்ளைங்க தண்ணியில உட்கார்ந்து விளையாடலாம், நிக்கிறதா இருந்தா அவங்க முழங்கால் ஆழத்தோட சரி. உங்க முழங்கால் இல்லை, அவங்க முழங்கால்.

வந்ததும் பத்து நிமிஷம் யாரையும் தண்ணியில விடாம, கொஞ்சம் மேடான இடத்துல நின்னு அலையைப் பாருங்க. ரெண்டு பக்கமும் அலை வெள்ளையா உடைஞ்சு, நடுவுல மட்டும் ஒரு பட்டை உடையாம அமைதியா, கொஞ்சம் கலங்கலா தெரியும். நுரை கரைக்கு வராம கடல் பக்கம் போயிட்டு இருக்கும். விவரம் தெரியாதவங்க 'இங்கதான் அலை கம்மி'ன்னு அங்கேயே இறங்குவாங்க. அலை கொண்டுவந்த தண்ணி திரும்பிப் போற வாய்க்கால் அது. இழுப்புல மாட்டினா கரையை நோக்கி நீந்தி ஜெயிக்க முடியாது, நீச்சல் தெரிஞ்சவனுக்கும் மூச்சு முட்டிடும். மல்லாக்க மிதந்து கையைத் தூக்கிக் காட்டணும். நீந்தத் தெரிஞ்சவன் கரைக்கு இணையா பக்கவாட்டில் போய், இழுப்பு விட்டதும் கரைக்குத் திரும்பணும்.

கெடிலம் கடலில் சேர்ற முகத்துவாரத்துப் பக்கம் போகவே போகாதீங்க. ஆத்துத் தண்ணியும் அலையும் மோதி மணல்திட்டு இடம் மாறிக்கிட்டே இருக்கும். நேத்து கணுக்கால் தண்ணி இருந்த இடம் இன்னைக்கு ஆள் உயரம்.

ஏப்ரல்ல கரையோர ஓட்டம் பெரும்பாலும் வடக்கே. பிள்ளைங்க விளையாடிக்கிட்டே அவங்களுக்கே தெரியாம வடக்கே நகர்ந்துடுவாங்க. நீங்க உட்கார்ற இடத்துல ஒரு மூங்கில் நட்டு மேல சிவப்புத் துணி கட்டுங்க. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் எல்லாரும் அதுக்கு நேரா வந்து நிக்கணும், தலையை எண்ணணும். சட்டை ஆரஞ்சு, பளீர் மஞ்சள், சிவப்புன்னு இருக்கட்டும். நீலமும் வெள்ளையும் தண்ணியில, நுரையில கரைஞ்சிடும். ஜீன்ஸ் போட்டு இறக்காதீங்க, ஈரமானா கல்லைக் கட்டின மாதிரி. புடவையோட அலையில நிக்கிறவங்க கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கணும், ஈரப் புடவை ரெண்டு காலையும் சேர்த்துக் கட்டிடும்.

கண்காணிப்புக்கு ரெண்டு பெரியவங்க. அந்த நேரத்துல அவங்ககிட்ட செல்போன் இருக்கக் கூடாது. இருபது நிமிஷத்துக்கு ஆள் மாத்துங்க, அதுக்கு மேல கவனம் நிக்காது. ஆறு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைக்குக் கையைப் பிடிச்சபடி ஒரு ஆள் தனியா.

கூடவே ஒரு அஞ்சு லிட்டர் காலி கேன், மூடி இறுகினது. கைப்பிடியில 15 மீட்டர் நைலான் கயிறு கட்டி, உள்ள ஒரு டம்ளர் தண்ணி ஊத்தி மூடுங்க. சும்மா காலியா வீசினா காத்து திருப்பிக் கொண்டுவந்துடும், அந்த ஒரு டம்ளர் கனம் இருந்தாத்தான் தூரம் போகும். மார்போட கட்டிப் பிடிச்சா முகத்தைத் தண்ணிக்கு மேல வைக்க அது போதும். ஒருத்தர் மாட்டினா இன்னொருத்தர் குதிக்காதீங்க. ஒரு உயிர் போக வேண்டிய இடத்துல மூணு போறது அப்படித்தான்.

நம்பர்: ஆம்புலன்ஸ் 108, கடலோரக் காவல் 1093.

---

ஃபைபர் படகு:

கெடிலக்கரை சொன்னது சரி. மீனவர் பக்கம் நான் சொல்றேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அதனால படகே இருக்காதுன்னு நினைச்சுடாதீங்க. தடை விசைப்படகுக்குத்தான். ஃபைபர் படகு, கட்டுமரம், கரைவலை எல்லாம் நடக்கும். நீங்க வர்ற 6 மணிதான் படகு கரை ஏறுற நேரம்.

படகு எப்படி ஏறும்னு தெரிஞ்சுக்குங்க. அலை உடையற இடத்துக்கு வெளியே நின்னு, நல்ல அலை ஒண்ணு பார்த்து, அதன் முதுகுல முழு வேகத்துல வந்து மணல்ல ஏறும். கடைசி நொடியில இன்ஜினைத் தூக்கிடுவாங்க, இல்லேன்னா காத்தாடி மணல்ல மோதி உடையும். அந்த நேரத்துல படகைத் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. செல்ஃபி எடுக்க எதிர்ல நிக்கிறவன் நகர்ந்தாத்தான் உண்டு. படகு வரிசையிலிருந்து நூறு மீட்டராவது தள்ளி உட்காருங்க.

கரைவலை இழுக்கிறதைப் பார்க்கணும்னா பக்கவாட்டுல நின்னு பாருங்க. ரெண்டு கயிறுக்கும் நடுவுல போகக் கூடாது, கயிறைத் தாண்டவும் கூடாது. தரையில தளர்ந்து கிடக்கிற கயிறு அடுத்த அலைக்கு இடுப்பு உயரத்துக்கு விறைச்சு எழும். மடி, அதாவது வலையில மீன் சேர்ற பை, கரைக்கு வந்ததும் பிள்ளைங்க மீனைத் தொட ஓடும். கெளுத்தி முள்ளும் திருக்கை வாலும் அதுக்குள்ளதான் இருக்கு. வேண்டாத மீனை அங்கேயே போட்டுட்டுப் போயிடுவாங்க, அதனால மடி இழுத்த இடத்துல வெறுங்காலோட நடக்காதீங்க.

காயற வலை மேல நடக்கிறது, படகு மேல செருப்போட ஏறி உட்கார்றது, ஈரத்துணியைப் படகுல காயப்போடறது, கருவாடு காயற இடத்துல பந்து விளையாடறது, இதுக்குத்தான் சண்டையே வரும். செருப்புக் கொக்கி வலையில மாட்டி ஒரு கண்ணி அறுந்தாலும் உட்கார்ந்து ஊசி போட்டுத்தான் தைக்கணும். மீன் வாங்கறதா இருந்தா ஏலம் முடியற வரைக்கும் ஓரமா நில்லுங்க. மீன் விக்கிற அம்மாக்களைக் கேட்காம போட்டோ எடுக்காதீங்க.

பிள்ளைங்க மணல்ல குழி தோண்டினா கிளம்பும்போது மூடிடுங்க. முட்டி ஆழத்துக்கு மேல தோண்டவும் விடாதீங்க. ஈரமணல் ஓரம் திடீர்னு சரிஞ்சு பிள்ளையை மூடிடும், அப்புறம் கையால தோண்டி எடுக்கிறது லேசு இல்லை.

---

கட்டுச்சோறு:

சாப்பாட்டுக்கு வர்றேன். 14 பேர்ல அஞ்சு சின்னதுங்க, அதனால தலைக்கு 150 கிராம் அரிசி கணக்கு. புளியோதரைக்கு 1¼ கிலோ, தயிர்சாதத்துக்கு முக்கால் கிலோ. மிச்சம் ஆகாது.

புளியோதரை கெட்டுப்போகுதுன்னா காரணம் புளி இல்லை, சூடு. சோத்தை அகலத் தட்டுல கொட்டி, நல்லெண்ணெய் விட்டுப் பரத்தி, முழுசா ஆறினப்புறம்தான் புளிக்காய்ச்சல் கலக்கணும். சூடா மூடினா ஆவி தண்ணியா இறங்கி, பத்து மணிக்குள்ள நூல் விட்டுடும். தயிர்சாதத்துல பால் முக்கால், தயிர் கால். குழைஞ்ச சோத்துல ஆறின பாலை ஊத்தி மசிச்சு கடைசியா தயிர், போற வழியிலேயே அது பதமா தோய்ஞ்சிடும். தேங்காய்ச் சட்னி, உருளைக்கிழங்கு, சாம்பார் சாதம் மூணும் வேண்டாம். தேங்காய் போடாத பருப்புத் துவையல், மாவடு, அவிச்ச முட்டை போதும். அப்பளம் கடல்காத்துல அஞ்சு நிமிஷத்துல நமத்துடும்.

இனி முக்கியமான விஷயம். பெரிய தூக்கை பீச்சுல திறக்காதீங்க. ஒரு காத்து வீசினா மொத்தச் சோறும் நறநறன்னு ஆயிடும். வீட்லயே ஆளுக்கு ஒரு பொட்டலம், வாட்டின வாழையிலையில மடிச்சு வாழைநார்ல கட்டிடுங்க. பிரிச்சு மடியில வச்சுச் சாப்பிட்டா மணல் விழாது, தட்டு கழுவற வேலையும் இல்லை. தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் கப் இங்க 2019 ஜனவரியிலிருந்தே தடை. டம்ளர் எவர்சில்வர்லயே எடுத்துக்குங்க.

தண்ணி குடிக்க மட்டும் தலைக்கு ரெண்டு லிட்டர்: ஒரு 20 லிட்டர் கேன், மீதி அவங்கவங்க பாட்டில்ல. கால் கழுவத் தனியா 10 லிட்டர். ஒரு லிட்டர் தயிருக்கு நாலு லிட்டர் தண்ணி, கல்லுப்பு, இஞ்சி தட்டிப் போட்ட மோர், அது ஒம்பது மணிக்கு மேல.

குப்பைக்கு ரெண்டு சாக்கு, இலை ஒண்ணுல, மத்ததெல்லாம் இன்னொண்ணுல. மணல்ல புதைச்சுட்டுப் போற பழக்கத்தை விட்டுடுங்க. ராத்திரி நாய் தோண்டும், இல்லேன்னா அலை. குழந்தை டயப்பர் கண்டிப்பா வேன்லயே திரும்பணும்.

---

விருதைக்காரன்:

நிறைய விஷயம், நன்றிங்க. மூணு சந்தேகம். பாட்டிக்கு எப்படி? சொறி (ஜெல்லி மீன்) கடிச்சா என்ன பண்றது? இவ்வளவு சிரமத்துக்குப் பதிலா பாண்டிச்சேரிக்கே போயிடலாமா?

---

ரோமன் ரோலண்டு வீதி:

பாண்டின்னா எந்த பீச்னு கேட்கணும். காந்தி சிலை இருக்கிற கடற்கரைச் சாலை பெரும்பாலும் கருங்கல். அந்தக் கல்லுல பாசி பிடிச்சு வழுக்கும், குளிக்கற இடம் இல்லை. ஆனா பாட்டிக்கு அதுதான் தோது. சமதளமான நடைபாதை, உட்கார இடம், சாயந்திரத்துக்கு மேல வண்டிகளையும் விடமாட்டாங்க. பிள்ளைங்க மணல்ல விளையாட சின்ன வீராம்பட்டினம் ஈடன் பீச் இருக்கு, 2021ல நீலக்கொடி சான்றிதழ் வாங்கினது, கழிப்பறை வசதி உண்டு. பாரடைஸ் பீச்சுக்கு நோணாங்குப்பம் சுண்ணாம்பாறு படகு இல்லத்திலிருந்து படகுல போகணும், முட்டிவலிக்காரங்க ஏறி இறங்கறது கஷ்டம்.

என் யோசனை: காலையில கடலூர், வெயில் இறங்கினப்புறம் பாண்டி. திரும்பி வரும்போது யாராவது 'சரக்கு' எடுத்துட்டு வந்தா மாநில எல்லைச் சோதனைச்சாவடியில மொத்த வேனும் நிக்கும், முன்னாடியே சொல்லிடுங்க.

---

கெடிலக்கரை:

பாட்டிக்கு: பிளாஸ்டிக் நாற்காலி மணல்ல புதைஞ்சு ஒரு பக்கமா சாயும், வயசானவங்க விழறது அதுலதான். நாலு காலுக்கும் அடியில ஒவ்வொரு காய்ஞ்ச தேங்காய்மட்டை வைங்க, குழிவான பக்கம் மேலே.

நிழல் கிடைக்கும்னு நம்பி வராதீங்க. நீங்களே பந்தல் போட எட்டு முழ வேட்டி ஒண்ணு, அஞ்சடி மூங்கில் நாலு. மணல்ல முளை அடிச்சா நிக்காது. நாலு துணிப்பையில பைக்கு அஞ்சு கிலோ மணல் ரொப்பி, வாயைக் கயிறுல கட்டி, முழங்கை ஆழத்துல புதைச்சு, அதிலிருந்து கயிறை இழுத்து மூங்கில் உச்சிக்குக் கட்டுங்க. காத்து வர்ற பக்கம் தாழ்வா இருக்கணும், இல்லேன்னா பாய்மரம் மாதிரி தூக்கிடும். காலை வெயில் கடல் பக்கத்திலிருந்து சாய்வா அடிக்கும், அதனால கிழக்குப் பக்கம் ஒரு துண்டையும் தொங்கவிடுங்க. பத்து மணிக்கு மேல மணல் சுடும், செருப்பு இல்லாம பிள்ளைங்களை வேன் வரைக்கும் நடக்க விடாதீங்க.

சொறிக்கு: தேய்க்காதீங்க, மணல் போடாதீங்க, நல்ல தண்ணி ஊத்தாதீங்க. மூணுமே தோல்ல ஒட்டியிருக்கிற, இன்னும் வெடிக்காத கொட்டுப்பைகளை வெடிக்க வைக்கும். கடல்தண்ணியாலயே அலம்பி, ஒட்டியிருக்கிற நூலைக் குச்சியால எடுத்துட்டு, பொறுக்கற சூட்டுல வெந்நீர்ல அந்த இடத்தை 20 நிமிஷம் வைக்கணும். அதுக்காக ஒரு பிளாஸ்க் வெந்நீர் வேணும். பெரியவங்க கையை விட்டுப் பார்த்துத்தான் பிள்ளைக்கு ஊத்தணும். திருக்கை, கெளுத்தி குத்தினாலும் வலிக்கு இதே வெந்நீர்தான், ஆனா முள் உள்ளே நின்னா பிடுங்காம ஆஸ்பத்திரி. மூச்சுத் திணறல், முகம் வீக்கம், வாந்தி வந்தா நேரா 108. கரையில செத்துக் கிடக்கிற சொறியும் கொட்டும்.

இன்னொண்ணு. தண்ணி குடிச்சவங்களைத் தலைகீழா பிடிச்சுச் சுத்தறது, வயித்தை அமுக்கறது ரெண்டும் வேண்டாம். மூச்சு இல்லேன்னா முதல்ல வாயோட வாய் வச்சு ஊதி, அப்புறம் நெஞ்சுல 30 அழுத்தம், 2 மூச்சுன்னு விடாம. எழுந்து உட்கார்ந்துட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். நுரையீரலுக்குள்ள போன தண்ணி சில மணி நேரம் கழிச்சும் வேலையைக் காட்டும்.

---

ஃபைபர் படகு:

விட்டுப்போச்சு. பங்குனி ஆமை முட்டையிட்டதெல்லாம் குஞ்சு பொரிக்கிற காலம் அது. விடியறதுக்கு முன்னாடி வந்தா டார்ச், செல்போன் வெளிச்சம் அடிக்காதீங்க. குஞ்சு கடல் பக்கத்து வெளிச்சத்தை நம்பித்தான் போகும், உங்க வெளிச்சத்தைப் பார்த்தா ஊர்ப் பக்கம் திரும்பிடும். கையில எடுத்துப் படம் பிடிக்காதீங்க, 1972 வனவிலங்குச் சட்டத்துல அது குற்றம். அடம்பங்கொடி, ராவணன் மீசை படர்ந்த மேட்டுல ஏறாதீங்க, ஒதுங்கவும் வேண்டாம். மணலைப் பிடிச்சு வச்சிருக்கிறது அந்தக் கொடிதான்.

வேனைத் தார்ரோட்டோட நிறுத்திடுங்க. மணல்ல இறக்கி மாட்டினா ஆக்சிலேட்டரை மிதிக்காதீங்க, சக்கரம் இன்னும் அச்சு வரைக்கும் இறங்கும். சக்கரத்துக்கு முன்னாடி இருக்கிற மணலை ஒதுக்கி, காத்தைக் கொஞ்சம் இறக்கி, சாக்கைப் போட்டு இரண்டாவது கியர்ல மெதுவா எடுக்கணும். ரோடு ஏறினதும் பக்கத்துலேயே காத்து பிடிச்சுக்கணும்.

---

கட்டுச்சோறு:

திரும்பும்போது ஒரு டப்பா முகப்பவுடர் கையில இருக்கட்டும். பிள்ளைங்க காலைத் துண்டால துடைச்சு, பவுடர் தூவித் தட்டினா ஒட்டின மணல் அப்படியே உதிரும். கால் கழுவற 10 லிட்டர்ல பாதி மிச்சம்.