ஐஸ்லாந்து தபால்தலைகள்: வாங்கும்போது எதிர்ப்படும் சிக்கல்கள் (அனுபவப் பகிர்வு)

1873-இல் வெளியான ஸ்கில்டிங் (அப்போதைய நாணயம்) தலைகளில் ஓரத் துளை அளவைப் பார்க்காமல் விலை பேசக் கூடாது. 4, 16 ஸ்கில்டிங் இரண்டும் 14x13½ துளையிலும் உண்டு, 12½ துளையிலும் உண்டு. கேஜில் (துளை எண்ணும் அளவுகோல்) வைத்து 2 செ.மீ.க்குள் எத்தனை துளை விழுகிறது என்று மேல்விளிம்பையும் பக்கவிளிம்பையும் தனித்தனியாக எண்ணுங்கள். 12½ துளை 16 ஸ்கில்டிங்கில் விலை தலைகீழ்: முத்திரை குத்தாதது மலிவு, குத்தியது விலை அதிகம். 1876-இல் நாணயம் அவுராருக்கு மாறியபோது மிஞ்சிய இருப்பு வெளியே வந்ததால்தான் இப்படி. அதனாலேயே போலி முத்திரை அதிகம். வட்டத்துக்குள் எண் உள்ள முத்திரைகள் 1903-இல்தான் வந்தன. ஸ்கில்டிங் தலையில் அப்படி ஒன்று விழுந்திருந்தால் அது அஞ்சலில் போனதே அல்ல.

* * *

மேலே அண்ணன் சொன்னதோடு ஓவர்பிரிண்டையும் (தலையின் மேல் பிறகு அச்சிட்ட எழுத்து) சேர்த்துக்கொள்ளுங்கள். 1902-இல் பழைய தலைகள் இன்னும் செல்லும் என்று காட்ட, "ஈ கில்டி '02–'03" என்று கறுப்பிலும் சிவப்பிலும் அச்சிட்டார்கள். தலைகீழாக விழுந்தவை, எழுத்துப் பிழை உள்ளவை எல்லாம் உண்டு. பிழை உள்ளதற்குத்தான் போலி அதிகம். 10 மடங்கு லென்ஸில், ஓவர்பிரிண்ட் எழுத்தின் மேல் முத்திரைக் கோடு குறுக்கே போகும் இடத்தைப் பாருங்கள். நிஜமான தலையில் முத்திரை மைதான் மேலே கிடக்கும். ஓவர்பிரிண்ட் மை முத்திரையை மூடிக்கொண்டு போனால், பயன்படுத்திய மலிவான தலையில் பிறகு அச்சிட்டிருக்கிறார்கள். பளிச்சென்ற வெளிச்சம் நேராக விழுந்தால் இது தெரியாது. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். 1897-இன் 5 அவுரார் பச்சையில் விழுந்த "த்ரீர்" (மூன்று) ஓவர்பிரிண்டுக்கும், இத்தாலிய விமானக் கூட்டம் வந்தபோது 1, 5, 10 க்ரோனாவில் அடித்த "ஹோப்ஃப்ளுக் ஈடலா 1933"-க்கும் இதே சோதனைதான் முதல் படி. கடைசியாகச் சொன்ன மூன்றையும் நிபுணர் சான்றிதழ் இல்லாமல் வாங்காதீர்கள், விலை எவ்வளவு இறங்கினாலும் சரி.

* * *

இரட்டை அரசர் தலைகளில் (இரண்டு அரசர் உருவம் உள்ளவை) வாட்டர்மார்க், அதாவது காகிதத்துக்குள் இருக்கும் நீர்க்குறி, பார்த்தால் போதும், குழப்பம் தீரும். 1907-08 அச்சில் கிரீடம், துளை 13. 1915-18 அச்சில் சிலுவைகள் நெருக்கமாக, துளை 14x14½. கறுப்புத் தட்டில் தலையைக் கவிழ்த்து வைத்து வாட்டர்மார்க் திரவம் சில சொட்டு விடுங்கள். காய்வதற்குள் படித்துவிட வேண்டும். மஞ்சள் தலைகளில் மங்கலாகத்தான் தெரியும். அந்தத் திரவமாக பென்சின் (பெட்ரோலியக் கரைப்பான்) பயன்படுத்துபவர்கள் பிற்காலத்து ஃபோட்டோகிராவர் (ஒரு வகை அச்சு முறை) தலைகளைத் தவிர்த்துவிடுங்கள், மை கரைந்துவிடும்.

* * *

பிளேட் பிளாக், அதாவது தகட்டு எண் உள்ள ஓரத்தோடு பிரிக்காமல் இருக்கும் தலைக் கூட்டம், பற்றி ஒரு வார்த்தை, சார். ஓரத்தில் ஏதோ எண் இருந்தாலே விற்பவர்கள் பிளேட் பிளாக் என்று போட்டுவிடுகிறார்கள். தாள்களை எண்ண அச்சிட்ட தொடர் எண் வேறு, அச்சுத் தகட்டின் எண் வேறு. தொடர் எண் தாளுக்குத் தாள் மாறும். தகட்டு எண் அந்தத் தகட்டில் அடித்த எல்லாத் தாளிலும் ஒன்றேதான். படத்தில் அந்த ஓரம் முழுதாகத் தெரியவில்லையென்றால் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பழைய பிளாக்கில் கெட்டுப்போவது நடுத்துளை வரிசை. பிரிந்துவிட்டதை ஹிஞ்ச் (தலையை ஆல்பத்தில் ஒட்டும் சிறு பசைத்தாள்) வைத்துப் பின்னால் ஒட்டி மறைத்திருப்பார்கள்; வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒட்டிய இடம் இருட்டாகத் தெரியும். பசை புதிதாகப் பூசியதா என்று அறிய துளைப் பற்களின் நுனியைப் பாருங்கள். நிஜமான பல்லில் காகித நார் மெல்லிய பஞ்சாக நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு பூசினால் பசை நாரில் ஏறி, நுனி விறைத்து, விரலில் குத்தும். இரண்டு தலைகளுக்கு நடுவே மட்டும் ஹிஞ்ச் தடம் இருந்து மற்ற தலைகள் சுத்தமாக இருந்தால், அதையும் விலையில் காட்ட வேண்டும்.

* * *

பெரிய மதிப்புத் தலைகளில் "டொல்லுர்" என்ற முத்திரை இருந்தால் அது சுங்கவரிக்காகப் பயன்பட்டது. அஞ்சல் முத்திரை உள்ளதைவிட விலை மிகக் குறைவு. பட்டியல்களில் இரண்டுக்கும் தனித்தனி விலை இருக்கும். விற்பவர் எந்த விலையைக் காட்டுகிறார் என்று பாருங்கள். முத்திரையின் ஓர் எழுத்து மட்டும் மூலையில் விழுந்திருந்தாலும் டொல்லுர்தான்.