மம்மி செய்தது உடல் கெடாமல் இருக்கத்தானா? (விவாத இழை)

நடுகல்:
பள்ளிக்கூடத்திலிருந்து யூடியூப் வரை எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். மறுமையில் உடல் வேண்டும் என்று எகிப்தியர்கள் நம்பினார்களாம், அதனால் அழுகாமல் காத்தார்களாம். 2023-இல் மான்செஸ்டர் அருங்காட்சியகம் பொன்முகமூடி மம்மிகளை வைத்து நடத்திய கண்காட்சியில் இந்தக் கதையையே மறுத்தது. இறந்தவரைத் தெய்வ உருவமாக மாற்றும் சடங்குதான் அது, உடல் நிலைத்தது அதன் பக்கவிளைவு என்பது அவர்கள் வாதம். நான் அந்தப் பக்கம்.

அரசர் துட்டன்காமனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1925-இல், அவர் கல்லறையைக் கண்டுபிடித்த கார்ட்டரும் உடற்கூற்றியலாளர் டெர்ரியும் துணிக்கட்டைப் பிரித்தபோது உடல் கரிக்கட்டை மாதிரி இருந்தது. காரணம் கள்வர்களோ ஈரமோ அல்ல. அடக்கத்தின்போது வாளிக்கணக்கில் ஊற்றிய பிசின் கலந்த தைலம்தான் துணியையும் தசையையும் அரித்திருந்தது என்று கார்ட்டரே எழுதினார். ஆனால் வெளியே? பத்து கிலோவுக்கு மேல் பொன்னில் முகமூடி, புருவத்துக்கும் இமைக்கும் நீலக்கல் (லாபிஸ் லாசுலி). எகிப்தியத் தெய்வங்களுக்குச் சதை பொன், முடி நீலக்கல். உடலைக் காப்பதுதான் குறி என்றால் உடலைக் கெடுக்கும் அளவுக்கு ஏன் ஊற்ற வேண்டும்?

உப்பளம்:
ஊற்றியவருக்கு அது கெடுக்கும் என்று தெரியுமா, நண்பரே? விளைவை வைத்து நோக்கத்தைச் சொல்லக் கூடாது. பிசின் பூசினால் நாற்றம் குறையும், புழு வராது என்பது அவர்கள் கண்கூடாகக் கண்டது. எகிப்தின் சக்காராவில் 2016-இல் பிணம் பதப்படுத்தும் பட்டறை ஒன்று கிடைத்தது, 26-ஆம் வம்ச (கி.மு. 664–525) காலத்தது. அங்கிருந்த கலங்களின் மேலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்: இது தலைக்கு, இது உடல் நல்ல மணம் பெற. உள்ளே ஒட்டியிருந்ததை ஆராய்ந்து 2023-இல் முடிவு வெளியிட்டார்கள். கிருமியைத் தடுக்கும் பிசின்கள், கொழுப்பு, தார். ஆசியக் காடுகளிலிருந்து வந்த, நம் குங்கிலியத்துக்கு உறவான டாமர் பிசின்கூட உண்டு. வேலை தெரிந்தவர்கள் தேடித்தேடி வாங்கிய சரக்கு இது.

அப்புறம் நேட்ரான். வாதி நத்ரூன் பள்ளத்தில் கிடைக்கும் சோடா உப்பு. 1994-இல் பாப் பிரையரும் ரோனால்ட் வேடும் அமெரிக்காவில், தானமாகக் கிடைத்த ஒரு உடலை அதே முறையில் பதப்படுத்திப் பார்த்தார்கள். உப்பில் புதைத்து 35 நாள் கழித்து எடுத்தபோது உடல் வற்றிக் காய்ந்திருந்தது. சிலை செய்வதுதான் நோக்கம் என்றால் குளிப்பாட்டி, துணி சுற்றி, முகமூடி மாட்டினால் முடிந்தது. இத்தனை நாள் உப்பு எதற்கு?

அரசர் மூன்றாம் துட்மோஸின் பிணப் போர்வைத் துணியில், மறுமைக்கான மந்திரத் தொகுப்பான இறந்தோர் நூலின் 154-ஆம் மந்திரம் இருக்கிறது. உடல் அழியாமல், புழு தின்னாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் வேண்டுதலே. இதைவிட நேரடியாக அவர்கள் எப்படிச் சொல்வார்கள்? அரசர் இரண்டாம் ராம்சேஸின் மூக்கைப் பாருங்கள். கட்டும்போது அமுங்கிவிடாமல் இருக்க உள்ளே மிளகு அடைத்திருக்கிறார்கள். அவருடைய மூக்கு அவருடைய மூக்காகவே இருக்க வேண்டும் என்ற அக்கறை அது.

வெட்டிப்பேச்சு:
மிளகா!! ராம்சேஸ் இறந்த கி.மு. 1213-இல்? அது நம் பக்கத்துச் சரக்கு ஆயிற்றே.

உப்பளம்:
மிளகுக்கொடியின் பிறப்பிடம் மேற்குத் தொடர்ச்சி மலைதான், சந்தேகமில்லை. அதற்காக மதுரைக்கும் எகிப்தின் தீப்ஸ் நகருக்கும் நேர்க் கப்பல் விட்டுவிடாதீர்கள் தம்பி. பத்து கை மாறிப் போயிருந்தாலும் மூக்குக்குள் போய்ச் சேரும். அந்தப் பேச்சுக்குத் தனி இழை திறங்கள்.

நடுகல்:
மூக்கு உருவம் குலையக் கூடாது என்பது சிலை செய்பவனின் கவலைதானே? என் வாதத்துக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள். 21-ஆம் வம்சத்தில் (கி.மு. 1000 வாக்கில்) இதன் உச்சத்தைப் பார்க்கலாம். தோலுக்கடியில் மண்ணும் மரத்தூளும் திணித்துக் கன்னத்தை உப்ப வைத்தார்கள், செயற்கைக் கண் பதித்தார்கள், தோலுக்கு வண்ணமும் அடித்தார்கள். அரசி ஹெனுத்தாவியின் கன்னம் அளவுக்கு மீறித் திணித்ததில் வெடித்தே போனது.

அதே காலத்தில்தான் ஈரல், குடல், நுரையீரல், இரைப்பை நான்கையும் பொதிந்து வயிற்றுக்குள்ளேயே திரும்ப வைக்கும் பழக்கம் வந்தது. சரி, அப்படியானால் அந்த உறுப்புகளைப் போட்டு வைக்கும் கனோபிக் ஜாடிகள் வேண்டாமே? வைத்தார்கள்! உள்ளே குடையாத, வெறும் கல் ஜாடிகள். ஒன்றையும் போட முடியாத ஜாடி எதைப் பாதுகாக்கும்? ரோமானியர் காலத்து ஃபயூம் மம்மிகளிலும் முகத்தில் அருமையான ஓவியம், உள்ளே பலமுறை அரைகுறையாகக் கிடக்கும் உடல். வாடிக்கையாளர் காசு கொடுத்தது எதற்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

மூளையைப் பற்றியும் பேசவில்லை. மூக்கு வழியாக வழித்து எடுத்து எறிந்துவிட்டார்கள். முழு உடல் வேண்டும் என்பவர் செய்கிற காரியமா?

உப்பளம்:
மூளைக்கு அவர்கள் எந்த வேலையும் கொடுக்கவில்லை, விரைவில் அழுகுவதும் அதுதான். இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டார்கள், ஏனென்றால் மறுமைத் தீர்ப்பில் ஒசிரிஸ் தெய்வத்தின் முன் தராசில் நிற்கப் போவது அதுதான். எதைக் காக்க வேண்டும் என்று தெரிந்து காத்திருக்கிறார்கள். ரோமானியர் காலம் தொழில் தேய்ந்து போன கடைசிக் கட்டம். அதை வைத்து ராம்சேஸ் காலத்தை அளப்பது நியாயமா?

செம்மண்:
இரண்டு பேருமே அரசர்களை விட்டு இறங்க மாட்டேன் என்கிறீர்கள். தொடக்கத்துக்குப் போவோம். பாலைவன மணலில் தானாகக் காய்ந்த பிணங்களைப் பார்த்தார்கள், சவப்பெட்டி வந்ததும் உடல் அழுகத் தொடங்கியது, அதை ஈடுகட்ட மம்மி கண்டுபிடித்தார்கள் என்பது பழைய விளக்கம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் கெபெலெய்ன் மனிதர் அப்படி மணலில் காய்ந்தவர்தான். ஆனால் 2014-இல் வந்த ஓர் ஆய்வு, எகிப்தின் மொஸ்தகெத்தா, பதாரி என்ற இடங்களின் கல்லறைத் துணிகளில் ஊசியிலை மரப் பிசின் கலவையைக் கண்டது. காலம் சுமார் கி.மு. 4300. வெறும் குழிப் புதையல், பெட்டியில்லை, மணலே காயவைக்கும். அப்போதே பிசின் தடவிச் சுற்றியிருக்கிறார்கள். ஹீராகோன்பொலிஸ் என்ற பழைய எகிப்திய நகரில் கி.மு. 3600 வாக்கில் சில பெண்களின் தலையையும் கைகளையும் மட்டும் தனியாகப் பொதிந்திருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம் அமர்னா. அரசர் அகனாதனின் அந்தத் தலைநகரைக் கட்டிய சாமானியர்களைத் துணியிலும் குச்சிப் பாயிலும் சுருட்டிப் புதைத்தார்கள். உப்பும் இல்லை, பொன்னும் இல்லை. உங்கள் இரண்டு கொள்கையும் அவர்களுக்கு என்ன சொல்கிறது?

நடுகல்:
துணி இருந்தது, பாருங்கள். ஏழைக்கும் அது போகவில்லை. மணல் காயவைக்கும் இடத்திலும் பிசினும் துணியும் சுற்றினார்கள் என்றால் காயவைப்பது முதல் தேவை அல்ல.

உப்பளம்:
பிசின் கிருமியைத் தடுக்கும் என்று மேலேயே சொன்னேன். கி.மு. 1450 வாக்கில் எழுதிய லூவர்-கார்ல்ஸ்பெர்க் பாப்பிரஸ் என்ற எகிப்திய மருத்துவச் சுவடியின் கணக்கும் எனக்கு ஆதரவு. மொத்தம் 70 நாளில் 35 நாள் காயவைக்க.

நடுகல்:
மீதி 35 நாள் சுற்றுவதற்கு. அதை விட்டுவிட்டீர்களே.

உப்பளம்:
சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். கி.மு. 1000 வாக்கில் தீப்ஸில் அரசர் கல்லறைகள் சூறையாடப்பட்டுக் கிடந்தன. பொன் போயிற்று, முகமூடி போயிற்று. பூசாரிகள் என்ன செய்தார்கள்? ராம்சேஸையும் துட்மோஸையும் தேடி எடுத்து, திரும்பக் கட்டி, பெயர் எழுதி டெயிர் எல் பஹாரியில் ஒளித்து வைத்தார்கள். 1881-இல் வெளியே வந்தார்களே, அவர்கள்தான். தெய்வ உருவம்தான் முக்கியம் என்றால் அந்தக் கிழிந்த உடல்களை ஏன் சுமக்க வேண்டும்?

நடுகல்:
அந்தப் பொன்னில் ஒரு பங்கைப் பூசாரிகளே எடுத்தார்கள் என்று நினைக்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், அது இருக்கட்டும். திரும்ப என்ன கொடுத்தார்கள் என்று பாருங்கள். புதுத் துணி, பெயர், அவ்வளவுதான். மறுபடியும் உப்பில் போடவில்லை. துணி சுற்றாமல் காய்ந்த உடலை மட்டும் அடக்கம் செய்த ஒரே ஒரு அரசரைக் காட்டுங்கள், நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

உப்பளம்:
காட்டுகிறேன், அதற்கு முன்னால் காயவைக்காமல் துணி மட்டும் சுற்றிய ஒரு ராம்சேஸை நீங்கள் காட்டுங்கள்.