12-க்கு 14 அறைக்கு எந்த டூ-வே ஸ்பீக்கர்?

கோவைக்காரன்:
வீட்டில் ஓர் அறையைப் பாட்டு கேட்பதற்கென்றே ஒதுக்கிவிட்டேன். 12 அடிக்கு 14 அடி, உயரம் 10. கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை. 50 வாட் ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. ஸ்பீக்கரிலிருந்து 8 அடி தள்ளி உட்காருவேன். பாதி நேரம் கச்சேரி, மீதி இளையராஜா. மூன்று ஜோடிகளைக் கேட்டுப் பார்த்தேன்: ஹார்பெத் பி3இஎஸ்ஆர், கெஃப் எல்எஸ்50 மெட்டா, டைனாடியோ ஸ்பெஷல் 40. கடையில் மனதை அள்ளியது டைனாடியோதான். ஆனால் அந்த அறை என் அறையைவிட இரண்டு மடங்கு, தரை முழுக்கக் கம்பளம். வாங்கினால் பத்து வருடம் மாற்ற மாட்டேன், அதனால்தான் கேட்கிறேன்.

சுதி:
ஹார்பெத், யோசிக்கவே வேண்டாம். 1977-இல் அந்த நிறுவனத்தைத் தொடங்கிய டட்லி ஹார்வுட் பிபிசி ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து வந்தவர். ஒலிபரப்பு வேனுக்குள் உட்கார்ந்து பேச்சைச் சரிபார்க்க பிபிசி உருவாக்கிய எல்எஸ்3/5ஏ-யின் வாரிசு இந்தச் சின்னப் பெட்டி. கச்சேரியில் பாடகரின் மூச்சு, சொல்லின் முடிவு, கமகத்தின் வளைவு எல்லாம் குரலாகவே கேட்கும்.

ஓம்விதி:
குரல் விஷயத்தில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் கோவைக்காரன் சாரின் அறையில் தரை டைல்ஸ், கூரை கான்கிரீட். வழக்கமான டூ-வேயில் மேல்சுரங்களைத் தரும் ட்வீட்டர் மேலே, கீழ்ச்சுரங்களைத் தரும் வூஃபர் கீழே. இரண்டும் சேரும் அலைவரிசையில், மேலும் கீழும் போகிற ஒலியில் ஒரு பள்ளம் விழும். தரையிலும் கூரையிலும் பட்டு நம் காதுக்கு வருவது அந்தப் பள்ளம் விழுந்த ஒலிதான். எல்எஸ்50-இல் ட்வீட்டர் வூஃபரின் நடுவிலேயே இருப்பதால் எந்தத் திசையிலும் ஒலியின் குணம் பெரிதாக மாறாது. எதிரொலிக்கும் அறைக்கு இது பெரிய விஷயம்.

மாடிவீடு:
இருவருமே பேஸைப் பற்றி, அதாவது அடிச்சுரங்களைப் பற்றிப் பேசவில்லை. நிறுவனங்கள் தரும் கணக்குப்படி ஹார்பெத் 75 ஹெர்ட்ஸோடு நிற்கிறது, கெஃப் 79-இல். டைனாடியோ 41 வரை இறங்குகிறது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். ராஜா பாட்டில் பேஸ் கிட்டார் தாளத்துக்குத் துணை மட்டுமில்லை, அடியில் தனியாக ஒரு மெட்டே ஓடும். அந்த மெட்டின் அடித்தளத்தை வெட்டிவிட்டு உயர்தர ஸ்பீக்கர் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஓம்விதி:
சரி, கணக்குப் போடுவோம். ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். 14 அடி என்றால் 4.27 மீட்டர். அந்த நீளத்துக்கு அறை தானாக அதிரும் இடம் 40 ஹெர்ட்ஸ். 12 அடிக்கு 47. நீங்கள் சொன்ன 41 சரியாக அங்கே போய் மாட்டுகிறது. பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அந்த ஒரு சுரம் மட்டும் வீங்கும், அறையின் நடுவில் உட்கார்ந்தால் காணாமலே போகும். சின்ன ஸ்பீக்கரும், பேஸுக்கென்றே தனிப் பெட்டியாக ஒரு சப்வூஃபரும் என்றால், சப்பை மட்டும் நகர்த்தி நகர்த்தி நல்ல இடம் பார்க்கலாம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள வேலை குறைந்தால் சின்ன வூஃபரும் நிம்மதியாக இயங்கும். அதே சத்தத்தை ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே தர, வூஃபரின் கோன் நான்கு மடங்கு அசைய வேண்டும்.

மாடிவீடு:
அறை அதிர்வு சப்புக்கும் உண்டு, அதை மறந்துவிட்டீர்கள். டைனாடியோவின் பின்பக்கம் பேஸைக் கூட்டுவதற்காக உள்ள துளையை (போர்ட்) ஃபோம் வைத்து அடைத்தால் வீக்கம் பெருமளவு குறையும். சப்பையும் ஸ்பீக்கரையும் 80 ஹெர்ட்ஸில் சரியாகத் தைப்பது எவ்வளவு பாடு தெரியுமா? நான் என் வீட்டில் ஆறு மாதம் போராடினேன். மிருதங்கத்தின் தொப்பி ஓரிடத்திலிருந்தும் வலந்தலை வேறிடத்திலிருந்தும் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் சப்பை விற்றுவிட்டேன்.

சுதி:
கச்சேரிக்கு 41 ஹெர்ட்ஸே தேவையில்லை. ஒரு கட்டையில் (சி சுருதியில்) பாடுகிற ஆண் பாடகரின் தம்புராவில் மந்தர ஸட்ஜம் சுமார் 65 ஹெர்ட்ஸ். அடியில் ஜீவா என்ற மெல்லிய நூல் வைத்த தந்தியில் அடிச்சுரத்தைவிட அதன் மேல்சுரங்கள்தான் செழிப்பாக எழும். அவை ஒழுங்காக வந்தால் அடிச்சுரத்தைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். 50 வாட் போதுமா என்ற பயமும் வேண்டாம். ஹார்பெத் உணர்திறன் குறைந்த (83.5 டெசிபல்) ஸ்பீக்கர்தான், ஆனாலும் 8 அடியில் இரண்டும் சேர்ந்து உச்சத்தில் 95 டெசிபலை எட்டும். வீட்டுக் கச்சேரிக்குத் தாராளம்.

மாடிவீடு:
கச்சேரிக்குச் சரி. அவர் கேட்பதில் மறுபாதி ராஜா.

கோவைக்காரன்:
அனைவருக்கும் நன்றி. ஓம்விதி சார் கணக்கைப் பார்த்துவிட்டு நாற்காலியை நகர்த்திப் பார்த்தேன். பழைய ஸ்பீக்கரிலேயே, பின்சுவரிலிருந்து 4 அடி முன்னே வந்ததும் பேஸ் தெளிந்தது. கடைக்காரர் இரண்டு ஜோடிகளை ஞாயிறு வரை வீட்டில் வைத்துக் கேட்கத் தருகிறார். ஹார்பெத்தும் டைனாடியோவும் எடுக்கிறேன். சப் பக்கம் போக இப்போதைக்கு மனமில்லை, மன்னிக்கவும்.

ஓம்விதி:
அப்படியானால் அதற்கு முன் தரையில் ஒரு தடித்த ஜமுக்காளம் விரித்துவிடுங்கள், ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவில். இல்லையென்றால் நீங்கள் ஒப்பிடுவது டைல்ஸைத்தான்.

சுதி:
இரண்டையும் ஒரே சத்த அளவில் வைத்துக் கேளுங்கள். கொஞ்சம் உரக்கக் கேட்பது எப்போதும் நன்றாகவே தோன்றும். முதலில் தம்புரா மட்டும் ஓடும் பதிவைப் போடுங்கள்.